ஒரு நாள் முதிர்ந்த மொட்டு

அவளை அங்கே எல்லோரும் இடுக்கி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். தக்காளி ஆராய்ச்சி நடக்கிற பசுமைக்குடிலில், ஊசி போல் முனையுள்ள ஒரு சின்ன இடுக்கியை வைத்துக்கொண்டு பூ உரிப்பது அவள் வேலை. தொட்டி கழுவ வந்தவள்தான். முன்னால் அந்த வேலையைப் பார்த்தவர் கண் தெரியாமல் வீட்டோடு போய்விட, யாராவது செய்து பாருங்கள் என்று இடுக்கியை நீட்டினார்கள். அவள் வாங்கினாள். அதற்குப் பிறகு பிள்ளை பெற்றாள், அந்தப் பிள்ளைக்குக் கல்யாணமும் பண்ணி வைத்தாள். இடுக்கி மட்டும் கை மாறவில்லை.

பூவை எதற்கு உரிப்பது என்று கேட்பீர்கள். தக்காளிப் பூவுக்கு யார் துணையும் வேண்டாம். நடுவில் ஒரு பச்சைத் தண்டு, அதைச் சுற்றி மகரந்தம் நிறைந்த மஞ்சள் கூம்பு. லேசாக ஆட்டிவிட்டால் போதும், தன் தூளைத் தன் மேலேயே கொட்டிக்கொண்டு காய்த்துவிடும். வேறொரு செடியின் தூள்தான் அதில் சேரவேண்டும் என்றால், மொட்டு விரியும் முன்பே, தூள் உதிரும் முன்பே, கூம்பை மட்டும் உரித்தெடுக்க வேண்டும். தண்டில் கீறல் விழுந்தால் மொட்டு வாடி உதிர்ந்துவிடும். ஒரு நாள் தாமதித்தாலோ காரியமே கெட்டது. பூ தன் வேலையைத் தானே முடித்திருக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

ஆராய்ச்சி செய்த பெண்ணை அவள் மேடம் என்பாள். மேடத்துக்கு அவள் மகள் வயதுதான். என்ன ஆராய்ச்சி என்று ஒருநாள் அவளே கேட்டாள்.

"உங்க வீட்டுக்காரர் தையல்காரர்தானே அக்கா? பாபின்ல நூல் சுத்தியிருக்கும்ல, செடிக்குள்ளயும் அப்படித்தான் சுத்தியிருக்கு. எப்ப வளரணும், எப்பப் பூக்கணும், எப்பப் பழுக்கணும்னு எல்லாம் அந்த நூல்லதான் இருக்கு. ஆனா இறுக்கிச் சுத்தின இடத்தைப் படிக்க முடியாது. வேண்டிய நேரத்துல, வேண்டிய இடத்துல மட்டும் தளர்த்தி விடணும். அதுக்குன்னே சில புரதங்கள் இருக்கு."

"தளர்த்தலைன்னா?"

"எல்லாம் உள்ளேயே கிடக்கும். வெளியே ஒண்ணும் நடக்காது."

"எங்க வீட்டு மனுஷன் மாதிரின்னு சொல்லுங்க" என்றாள் அவள்.

மேடத்திடம் இரண்டு வகைச் செடிகள் இருந்தன. ஒன்றில் அப்படித் தளர்த்துகிற புரதம் ஒன்று கெட்டுப்போயிருந்தது. அது குட்டைச் செடி. இலை சுருண்டிருக்கும், பூத்தாலும் காய்ப்பது அபூர்வம். இன்னொன்றில் அந்தப் புரதத்தின் கூடப்பிறந்தது போன்ற வேறொன்று கெட்டிருந்தது. பார்வைக்கு அது நல்ல செடிதான், நெட்டையாக வளரும். அக்காள் இல்லாத வீட்டைத் தங்கை தாங்குகிறாளா, இரண்டு பேரும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதுதான் மேடத்தின் கேள்வி. அதற்குக் குட்டையின் மகரந்தத்தை நெட்டையின் பூவில் சேர்க்க வேண்டும்.

அந்த வருஷம்தான் அவள் வலது கை நடுங்க ஆரம்பித்தது.

முதலில் கண்டுபிடித்தவர் வீட்டுக்காரர். அதுவரை அவருக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தவள், ஒருநாள் ஊசியை மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போனாள். மறுநாள் கடையை அடைத்துவிட்டு வைத்தியரிடம் கூட்டிப்போனார். வைத்தியர் ஒரு பெயர் சொன்னார், மாத்திரை கொடுத்தார், போகப்போகக் கூடத்தான் செய்யும் என்றார்.

சின்ன மொட்டில் அவள் இடுக்கி நிற்கவில்லை. தொட்ட தண்டிலெல்லாம் கீறல். உதிர்ந்ததை யாரும் பார்க்குமுன் பொறுக்கி எடுத்தாள். பிறகு அவளுக்கே தெரியாமல் கை கொஞ்சம் பெரிய மொட்டாகத் தேடியது. ஒரு நாள் முதிர்ந்தது. அதில் கூம்பு ஒரே இழுப்பில் கழன்று வரும். அவளுக்கே தெரியாமல் என்று சொன்னேன். முதல் வாரத்துக்கு அது சரி. அதற்குப் பிறகு தெரிந்துதான் செய்தாள்.

காய் குலைகுலையாகப் பிடித்தது. அக்கா கை வைத்தால் பட்ட மரமும் காய்க்கும் என்றார்கள். விதையை முளைக்கவைத்துச் சோதித்தபோது, நாற்றுகளில் குட்டையின் அடையாளமே இல்லை. எல்லாம் நெட்டை தனக்குத்தானே பெற்ற பிள்ளைகள். மறுபடியும் சேர்த்துப் பார்த்தார்கள், மறுபடியும் அதே கதை.

மேடம் வாட்டமாக இருந்தாள். திடீரென்று ஒருநாள் முகம் மலர வந்தாள். "அக்கா, கோளாறு குட்டையோட மகரந்தத்துல. அந்தப் புரதம் இல்லாம மகரந்தத்துக்கு உயிரே வரலை, எங்கேயோ தப்பி ஒட்டின சொந்தத் தூள்தான் காய்ச்சிருக்கு. யாரும் பார்க்காத விஷயம் இது. அடுத்த வாரம் ஆராய்ச்சிக்காரங்க கூட்டத்துல இதைத்தான் பேசப் போறேன்."

அவள் இடுக்கியைத் துடைத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரர் தையல் மெஷினில் இருந்தார். கத்தரி தீட்டுகிற கல்லில் அவள் இடுக்கியையும் வாரம் தவறாமல் அவர்தான் தீட்டிக் கொடுப்பார்.

"ஏங்க, நாளைக்குச் சொல்லிடப் போறேன்."

"எதை?"

"மொட்டு விஷயத்தைத்தான்."

அவர் மிதியை நிறுத்தினார். "சொன்னா இடுக்கியைப் பிடுங்கிக்குவாங்களே."

"பிடுங்கிக்கட்டும்."

"பிடுங்கிக்கட்டுமாம். அப்புறம் நாள் பூரா வீட்டுல உட்கார்ந்து என்னைத்தானே மேய்ப்பே. அதை யாரு தாங்கறது?"

அவள் சிரிக்கவில்லை. "அந்தப் பொண்ணு நாலு பேர் முன்னாடி நின்னு, என் கையோட குத்தத்தைச் செடி மேல சுமத்தப் போகுது. செடி பாவம்ங்க. அதுக்கு வாய் இல்லை."

அவர் தைத்துக்கொண்டிருந்த துணியை ஒதுக்கி வைத்தார். "அளவு தப்பா வெட்டினதை எவன் தச்சாலும் சட்டை ஆகாது" என்று சொல்லி, தீட்டிய இடுக்கியை எடுத்து அவள் கையில் கொடுத்தார். கை நடுங்கியது. நடுக்கம் அடங்கும்வரை அவரும் பிடித்திருந்தார்.

காலையில் அவள் மேடத்தைப் பூதக்கண்ணாடி மேஜைக்குக் கூப்பிட்டாள். தான் எடுத்துவந்த அளவிலேயே ஒரு மொட்டைப் பறித்து, மேடத்தின் கண்ணெதிரே கூம்பை உரித்து, தண்டை மட்டும் கண்ணாடிக்கு அடியில் வைத்தாள்.

மேடம் குனிந்து பார்த்தாள். "உச்சியில மஞ்சளா ஒட்டியிருக்கே. இப்பதானே உரிச்சீங்க?"

"ஆமா. அது அதோட சொந்தத் தூள். முந்தியே கொட்டிடுச்சு. ரெண்டு தடவையும் நான் எடுத்தது இப்படிப்பட்ட மொட்டுதான். சின்னதுல என் கை நிக்கலை."

மேடம் தலையைத் தூக்காமலே கேட்டாள். "ஏன் அக்கா அப்பவே சொல்லலை?"

"சொன்னா இந்த இடுக்கி என்கிட்ட இருக்காதே."

"நான் பேச வெச்சிருந்தது எல்லாம் போச்சு" என்று சொல்லிவிட்டு மேடம் எழுந்து வெளியே போனாள். கூட்டத்தில் பேசவில்லை. அவளோடும் பேசவில்லை. ஒருவர் இருக்கும் பக்கம் மற்றவர் போகாமல் நாட்கள் ஓடின.

இடுக்கியை அவளே மேடத்தின் மேஜையில் வைத்துவிட்டாள். பக்கத்துக் குடிலில், மின்சாரத்தில் அதிர்கிற குச்சியால் பூக்குலைகளை ஆட்டிவிடும் வேலை கொடுத்தார்கள். தண்ணீர் விடுகிறவர் வாய் சும்மா இருக்காது. "அக்காவுக்கு மெஷின் எதுக்கு? கையை வச்சாலே போதுமே" என்றார்.

"போதும்தான்" என்றாள் அவள். "உன் வாயை வச்சா இன்னும் நல்லா ஆடும். அது நிக்கவே நிக்காதே." சொல்லிவிட்டுக் குச்சியோடு போய்விட்டாள். அன்று மதியம் அவள் சாப்பிடவில்லை.

மொட்டை மேடமே உரித்தாள். நிறையக் கெடுத்தாள். கடைசியில் ஒருநாள் குடில் வாசலில் வந்து நின்றாள். "அக்கா, முனை மழுங்கிப் போச்சு." மன்னிப்பு என்று இரண்டு பேருமே சொல்லவில்லை. அவள் கையை நீட்டினாள், மேடம் இடுக்கியைக் கொடுத்தாள்.

இந்தத் தடவை நாற்றுகளில் குட்டையின் அடையாளம் இருந்தது. மகரந்தத்துக்கு உயிர் இருந்தது என்று ஆயிற்று. அந்த நாற்றுகள் வளர்ந்து காய்த்து, அவற்றின் விதையையும் விதைத்தார்கள். அதில் இரண்டு புரதமும் இல்லாத சில முளைத்ததும் மேடம் அவளைக் கூப்பிட்டுக் காட்டினாள். விதையிலை இரண்டும் விரிந்திருந்தன. பக்கத்து நாற்றுகள் இலை மேல் இலையாகப் போய்க்கொண்டிருக்க, இவை அங்கேயே நின்றுவிட்டன. ஒரு சகோதரி போனால் மற்றவள் தாங்கியிருக்கிறாள். இரண்டு பேரும் போனபின் வளர்ச்சிக்கான நூலை அவிழ்த்துவிட ஆளில்லை.

"இதுதான் பதில், அக்கா. பொய்யைப் பேசிட்டுப் போயிருந்தா இதைப் பார்த்திருக்கவே மாட்டேன்."

"சோதனைக்குன்னு எல்லாத்தையும் அரைச்சிடாதீங்க. ஒண்ணை விட்டு வைங்க" என்றாள். மேடம் ஒன்றை விட்டுவைத்தாள். அதுவாகச் சாயும்வரை அதற்குத் தண்ணீர் விட்டவள் அவள்தான்.

வாரத்துக்கு ஒருமுறை இன்றும் அந்த இடுக்கி அவள் பையில் வீட்டுக்கு வருகிறது. முதல் தடவை வந்தபோது, "யாருக்குத் தீட்டணும்?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"மேடத்துக்கு."

அவர் கல்லில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டார். முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, மறுபடியும் தேய்த்தார். அவளுக்குத் தீட்டியதைவிடக் கொஞ்சம்கூடக் குறையாமல்தான் தீட்டினார்.