பங்களா ரோட்டில் மைலோ

நவமணி ரோட்டோரத்தில் நடக்க மாட்டாள். நடு ரோட்டில்தான் நடப்பாள். பின்னால் லோரி வந்து ஹாரன் அடித்தால், முதலில் தன் நாய் மைலோவைப் புல் பக்கம் இழுத்துவிட்டு, அப்புறம்தான் தான் ஒதுங்குவாள். "இந்தப் பொம்பளைக்கு என்னா திமிரு பாரு" என்று தாமான் குடியிருப்பில் சொல்லாத வாயில்லை. சொல்லட்டுமே! ஐம்பத்தெட்டு வயசில் அவள் சேர்த்து வைத்திருக்கிற சொத்து அந்தத் திமிர் ஒன்றுதான்.

பதினாலு வயசில் ரப்பர் எஸ்டேட்டில் பால் மரம் வெட்டப் போனவள். ரப்பரைச் சாய்த்துச் செம்பனை நட்டபோது, எஸ்டேட்டை விட்டு ஈப்போவுக்கு வந்து, கையுறை பேக்டரியில் இருபத்தைந்து வருஷம் நின்ற கால் நின்றபடி உழைத்தாள். புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டான். மகள் சிங்கப்பூரில். வேலையை விட்டு நின்ற மறுவாரம், மார்க்கெட் சாக்கடையில் கிடந்த குட்டி ஒன்றைத் தூக்கி வந்தாள். குடிக்கிற மைலோ தண்ணி மாதிரி பழுப்புக் கலரில் இருந்ததால் மைலோ.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணியானால் மூன்று பேர், மூன்று நாய்கள். பள்ளிக்கூடக் கன்டீன் நடத்தும் கலாதேவி, அவளுடைய குண்டு நாய் பேபி. லோரி ஓட்டி ஓய்ந்த தர்மேந்திரன், அவனுடைய கறுப்பு நாய். எல்லாரையும் அதட்டும், ஒரு வேலையும் செய்யாது. அதனால் அதற்குப் பேர் கங்காணி. நவமணி பிறந்த பழைய எஸ்டேட்டின் ரோடு செம்பனைக்குள் வளைந்து, தொரை பங்களா வரை ஏறி, அந்தப் பக்கம் ஆற்றுக்கு இறங்கும். ஆற்றில் நாய்களை விட்டுவிட்டு, கொண்டுபோன கோப்பியைக் குடித்துத் திரும்புவார்கள். நாலு வருஷத்தில் ஒரு வாரம் தவறியதில்லை.

போன மாதம் பங்களாவை ஒரு முதலாளி வாங்கி, வெள்ளையடித்து, கல்யாண போட்டோ எடுக்கிற இடமாக ஆக்கினார். இந்த வாரம் ரோட்டுக்குக் குறுக்கே ஒரு தடுப்புக் கம்பி வந்தது. பக்கத்தில் போர்டு: நாய்களுக்கு அனுமதி இல்லை. தர்மேந்திரன் நில ஆபீசில் போய் விசாரித்து வந்தான்.

"ரோடு கவர்மெண்டோடதுதான். கேஸ் போட்டா ஜெயிக்கலாம்லா. ஆனா பத்து வருஷம் இழுக்கும்."

"பத்து வருஷத்துல மைலோ இருக்குமா?" என்றாள் நவமணி. "கெளம்பு, போலாம்."

கம்பிக்குப் பக்கத்தில் காவலுக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஜாகா, இவர்களைக் கண்டதும் எழுந்து தொப்பியைச் சரிசெய்தான். எழுபது வயசுக்கு மேலிருக்கும். முடியெல்லாம் கொட்டிப் போயிருந்தாலும் அந்தக் கோணல் மூக்கை நவமணி எங்கே பார்த்தாலும் கண்டுபிடித்துவிடுவாள். ராமையா.

அவளுக்கு ஒன்பது வயசு அப்போது. வருஷத்துக்கு ஒரு நாள் எஸ்டேட்டில் நாய் சுடுவார்கள். சின்ன தொரை துப்பாக்கியோடு வருவார், வாட்ச்மேன் ராமையா முன்னால் நடந்து வீட்டு வீடாகக் காட்டுவான். நவமணி தன் நாய் வீரனைக் குளிக்கிற தொட்டிக்குப் பின்னால் தள்ளி, சாக்கைப் போட்டு மூடியிருந்தாள். "நாய் இருக்கா?" என்று கேட்டார் தொரை. அப்பா தரையைப் பார்த்தார். இல்லை என்று ஒரு வார்த்தை போதும். "இருக்குங்க தொர, தொட்டிக்குப் பின்னால" என்றான் ராமையா. பங்களா ரோட்டில் வாசல் வரை இழுத்துப்போய்ச் சுட்டார்கள். அழுதுகொண்டே பின்னால் ஓடியவளை, "ஓரமா நில்லு, தொரை கார் வருது" என்று பிடித்துத் தள்ளியவனும் அவன்தான்.

"நவமணியா? திரும்பிப் போயிடு தாயி. போஸ் ஆர்டர், மொதலாளி சொல்லிட்டாரு."

"அன்னைக்கும் ஆர்டர், இன்னைக்கும் ஆர்டர். ஏண்ணே, ஒங்க வாயில சொந்தமா ஒரு வார்த்தை வரவே வராதா?"

ராமையாவின் முகம் சுருங்கிப்போனது. "அன்னைக்கு எம் பொண்டாட்டி புள்ளத்தாச்சி. வேலை போயிருந்தா நடுத்தெருதான்."

"இன்னைக்கு?"

"இன்னைக்கும் வேலை போயிரும்லா."

கலாதேவி அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "வாடி, வேற பக்கமா போலாம். வம்பு எதுக்கு?"

"வேணும்னா நீ போ." நவமணி நடு ரோட்டில், கம்பிக்கு முன்னால், சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டாள். மைலோ அவள் மடியில் தலையை வைத்தது. தர்மேந்திரன் தலையைச் சொறிந்துவிட்டு அவனும் உட்கார்ந்தான். "எம் முட்டி போச்சுன்னா நீதான்டி என்னைத் தூக்கிக்கிட்டுப் போகணும்" என்று திட்டிக்கொண்டே கலாதேவியும் உட்கார்ந்தாள்.

ஒன்பது மணிக்குக் கல்யாணப் பொண்ணு கார் வரவேண்டும். எட்டே முக்காலுக்கு ராமையாவின் போன் அடித்தது. முதலாளி மலாயில் கேட்டது எல்லோர் காதிலும் விழுந்தது. "அஞ்சிங் அடா கா?"

நாய் இருக்கா? நாற்பத்தொன்பது வருஷம் கழித்து அதே கேள்வி.

நவமணி எழுந்தாள். கயிற்றைப் பிடித்த பிடியில் உள்ளங்கை எரிந்தது. ஆனால் கெஞ்சவில்லை.

"சொல்லுங்கண்ணே, இருக்குன்னே சொல்லுங்க. நீங்க என்ன சொன்னாலும் நான் இந்த வழியாத்தான் போவேன்."

ராமையா அவளைப் பார்த்தான். மைலோவைப் பார்த்தான். தொண்டையைக் கனைத்தான்.

"தக் அடா, போஸ்." இல்லை என்றான்.

அந்த நேரம் பார்த்துக் கங்காணி ஊருக்கே கேட்கிற மாதிரி குரைத்தது! போனுக்குள் முதலாளி கத்தத் தொடங்கினார். ராமையா போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டு, இரண்டு கையாலும் கம்பியைத் தூக்கிப் பிடித்தான்.

நவமணி நன்றி சொல்லவில்லை. இவ்வளவு தாமதமாய் வந்த வார்த்தைக்கு என்ன நன்றி வேண்டிக்கிடக்கிறது? தலையை மட்டும் ஒரு தரம் ஆட்டிவிட்டு, நடு ரோட்டிலேயே மேலே ஏறினாள்.

பங்களா வாசலில் புதுத் தூண் ஒன்று பளபளவென்று நின்றது. ரிப்பன் சுற்றி, ரோஜாப்பூ வைத்திருந்தார்கள். வீரன் விழுந்தது அந்த இடத்தில்தான். மைலோ தூணை இரண்டு தரம் மோந்து பார்த்துவிட்டு, காலைத் தூக்கியது.

"ஐயோ, நவமணி, இழுடி!" என்று பதறினாள் கலாதேவி.

நவமணி கயிற்றைத் தளர்த்திவிட்டாள்.

"மெதுவா இரு ராசா," என்றாள். "நமக்கு என்னா அவசரம்."