தாமரைக்கோழியின் கண்

என் மகள் பறவைகளை வரைகிறவள். புகைப்படத்தைப் பார்த்து வரைய மாட்டாள். கண்ணால் காணாத ஓர் இறகைக்கூடத் தாளில் வைப்பதில்லை என்பது அவளாகப் போட்டுக்கொண்ட சட்டம். அந்தச் சட்டம்தான் அவளைச் சுசீந்திரத்துக்குப் பக்கத்துத் தாமரைக்குளத்துக்குள் கொண்டுபோனது.

இலையின் மேல் அடைகாக்கும் தாமரைக்கோழியை வரைந்துகொண்டிருந்தாள். அந்த இனத்தில் அடைகாப்பது தகப்பன். மூன்று வாரமாக ஒரே படம். இலை நரம்புகளை முதலில் முடித்தாள். வெள்ளை இறகுக்கு வெள்ளைச் சாயம் பூச மாட்டாள். தாளை அப்படியே விட்டு, சுற்றிலும் நிழலை மட்டும் மெல்லிய பிரஷ்ஷால் ஏற்றிக்கொண்டு வருவாள். ஒரு சொட்டு சிந்தினால் இறகு போயிற்று. அவள் வரையும் அறைக்குள் நான் தும்மக்கூட மாட்டேன். மிச்சம் இருந்தது கண்ணும், வயிற்றுக்கடியில் தெரியும் முட்டைகளும். கரையிலிருந்து தொலைநோக்கியில் அவை பிடிபடவில்லை.

குளத்தில் தாமரை பறிக்கிறவரிடம் போய்க் கேட்டுவிட்டாள். லாரி ட்யூப்பில் பலகையைக் கட்டி, அதன்மேல் குப்புறப் படுத்துக்கொண்டு பூப்பறிப்பவர். காலையில் பூ தோவாளைச் சந்தைக்குப் போய்விட்டால் ட்யூப் சும்மா கிடக்கும்.

“பிள்ளைக்கு நீச்சல் தெரியுமா?”

“தெரியும் மாமா.”

“தெரிஞ்சவனத்தான் இந்தக் குளம் பிடிக்கும். தெரியாதவன் எறங்கவே மாட்டாம்லா” என்று சிரித்தார். தண்டு காலில் சுற்றினால் உதறக் கூடாது, உதற உதற இறுகும் என்றும் அவளுக்குச் சொன்னார். பக்கத்தில் நின்று நானும் கேட்டேன்.

“அஞ்சு நிமிசத்துக்கு ஒருக்க கையத் தூக்கிக் காட்டணும் மக்கா” என்றேன்.

“சரிப்பா.”

ட்யூப் பலகையில் குப்புறப் படுத்துத் துழாவிப் போனவள் இரண்டு முறை காட்டினாள். மூன்றாவது முறை கை எழவில்லை. பத்து நிமிடம் ஆயிற்று. உச்சிவெயில். கன்னம் பலகையில் கிடந்தது, ஒரு கை தண்ணீருக்குள் தொங்கியது. கூப்பிட்டேன். தலை அசையவில்லை.

“ஏட்டி!”

“சத்தம் போடாதிங்கோ சார், கோழி வந்திருக்கும்” என்றார் தாமரைக்காரர். அது என் காதில் ஏறும்முன் நான் தண்ணீரில் இருந்தேன்.

பத்து வீச்சு நீந்தியிருப்பேன். இரண்டு காலையும் தண்டுகள் பிடித்தன. உதறினேன். கேட்டுக்கொண்டு நின்ற நானேதான் உதறினேன். வாய்க்குள் தண்ணீர் போயிற்று. பச்சையாக ஏதோ கண்ணை மூடியது.

“அப்பா, கால ஒதறாதிங்கோ! ஒதறாதிங்கோப்பா!”

ட்யூப்பைக் கையால் துழாவிக்கொண்டு அவள் வந்தாள். அவள் என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொள்ள, தாமரைக்காரர் முங்கித் தண்டுகளை ஒவ்வொன்றாக ஒடித்தார்.

கரையில் அவள் என்னைக் கோபமாகப் பார்த்தாள். “எதுக்குப்பா கத்துனிய? அது முட்டைல வந்து இருந்துட்டு. கையத் தூக்குனா போயிரும்லா.” சொல்லிக்கொண்டே என் சட்டைக் காலரை மறுபடியும் பிடித்துக்கொண்டாள். “ஒங்க தல தண்ணிக்குள்ள போனத நான் பாத்தேம்ப்பா.”

“இனி குளத்துல எறங்கணும்னா மகள்ட்ட கேட்டுட்டு எறங்குங்கோ சார்” என்றார் தாமரைக்காரர், ஈரத் துண்டைப் பிழிந்தபடி.

பறவை போய்விட்டிருந்தது. இரண்டு நாள் கழித்து அவர் போனில் அழைத்தார்: கோழி முட்டைகளை வேறு இலைக்கு மாற்றிவிட்டு அங்கே அடைகாக்கிறது. மகள் என் முகத்தைப் பார்த்தாள். போகட்டுமா என்று கேட்கவில்லை. மேசையில் அந்தப் படம், கண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் தாளோடு கிடந்தது.

மறுநாள் ட்யூப்பில் நீளமான நைலான் கயிறு கட்டினேன். மறுமுனை என் கையில். பார்த்து முடித்தாலும், ஆபத்தென்றாலும் அவள் இழுப்பாள். நான் இழுக்கக் கூடாது. அதுதான் பேச்சு.

அவள் மறுபடியும் கன்னத்தைப் பலகையில் வைத்தாள். கயிறு தண்ணீரில் தொய்ந்து மிதந்தது. என் விரல்கள் தாமாகவே இறுகின. தாமரைக்காரர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கயிற்றின் மேல் தன் கையையும் வைத்தார். நான் இழுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளத்தான். ஏறக்குறைய ஒரு மணி நேரம். பிறகு கயிறு இரண்டு முறை வெட்டி இழுத்தது.

அன்று மாலையே முட்டைகளை முடித்து, கடைசியாகக் கண்ணை வரைந்தாள். கரும்பழுப்பு, நடுவில் ஊசிமுனை அளவு வெள்ளைத் தாள்.

இப்போது வேறு படம் வரைகிறாள். மேசையில் அவள் வெகுநேரம் அசையாமல் குனிந்திருந்தால், தோள் ஏறி இறங்குகிறதா என்று வாசலில் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்கிறேன். கூப்பிடுவதில்லை.