அத்தையின் கூடையில் போன கடிதம்

பழைய குறிப்பேடு ஒன்று நேற்று அலமாரியில் அகப்பட்டது. அதன் நடுப்பக்கத்தில் பென்சிலால் இப்படி எழுதியிருக்கிறேன்: "ஆனி, செவ்வாய். மழை. அத்தையோடு ஆற்றுப் பாதையால் ஹட்டன். கடிதம் தப்பியது." மாதம் இருக்கிறது, கிழமை இருக்கிறது, மழைகூட இருக்கிறது. ஆண்டைத்தான் காணோம். கடைக்குப் போய் வந்தாலும் தேதி போட்டு வைப்பவள் என்று வீட்டில் கேலிக்கு ஆளாகும் எனக்கே இந்தக் கதி. மூத்தவன் அப்போது வயிற்றில் இல்லை. இருந்திருந்தால் அந்த ஏற்றத்தில் அத்தை என்னை விட்டிருக்க மாட்டார். ஆகவே ஐம்பத்து மூன்று, அல்லது நான்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தாளில் இருந்தது பூஞ்சண வாடைதான். என் மூக்குக்கு என்னவோ சவர்க்கார வாடை வந்தது. ஆற்றுப் பாதையில் இறங்குமுன் அட்டை கடிக்காமலிருக்க முழங்கால் வரை சவர்க்காரமும் உப்பும் குழைத்துப் பூசிக்கொள்வோம். அப்போது எனக்குப் பிள்ளைக்காம்பராவில் வேலை. தாய்மார் தேயிலைக் கொழுந்தெடுக்க மலைக்குப் போனதும் அவர்களுடைய கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அறை அது. பிள்ளைகளைக் குளிப்பாட்டியதும் அதே சிவப்புச் சவர்க்காரத்தால்தான். அதனால் இன்றும் குளித்த குழந்தையை யாராவது கையில் கொடுத்தால் எனக்கு அட்டை ஞாபகம் வரும். பெற்றவர்களிடம் சொல்வதில்லை.

அத்தை என்பது என் கணவரின் தாயார். பிரஜாவுரிமைக்கு அவர் போட்டிருந்த மனுவுக்கு அன்று பத்து மணிக்கு ஹட்டனில் விசாரணை. இத்தனை வருடமாக இந்த நாட்டில்தான் இருக்கிறேன் என்று அவர் காட்ட வேண்டும். காட்டுவதற்கு இருந்தது ஒரே ஒரு கடிதம். இன்ன ஆண்டிலிருந்து இவள் இந்தத் தோட்டத்தில் வேலை செய்கிறாள் என்று, சீமைக்குத் திரும்பிப் போன பழைய துரை கைப்பட எழுதிக் கொடுத்தது. அது இல்லையென்றால், பிள்ளை பெற்றதும் புருஷனைப் புதைத்ததும் இந்த மலையில்தான் என்று அத்தை வாயால் சொன்னால் யார் கேட்பார்கள்?

பஸ் ரோட்டில் மண் சரிந்து கிடந்தது. மீதி இருந்தது ஆற்றுப் பாதை. கடிதத்தைப் பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொழுந்துக் கூடையின் அடியில் வைத்தார் அத்தை. கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டி, மேலே கறுப்புக் கம்பளியைப் போட்டுக்கொண்டார்.

"கையில கொண்டு வாரேனே அத்தை."

"உன் கையா? போன வாரம் குடையத் தொலைச்ச கைதானே? பேசாம வா புள்ள."

நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் இறங்கினால் கால் மணி நேரத்தில் தேயிலை முடிந்து காடு. ஆள் உயரப் பெரணிச் செடிகள். எங்கோ ஏலச்செடி கசங்கிய வாசனை. ஆற்றைக் கடக்க ஏழு கல் உண்டு. ஐந்தாவது மட்டும் ஆடும். நான் ஐந்தாவதில் ஒருமுறை முழங்கால் வரை போய் வந்தேன். அத்தை திரும்பிப் பார்க்கவேயில்லை.

அக்கரையில் ஏறினால் பக்கத்துத் தோட்டத்துத் தேயிலை. அதன் நடுவே ஒற்றையடிப் பாதை. அதைத் தாண்டினால் டிக்கோயா ரோடு. அத்தை முன்னால் நடந்தார். விசாரணையில் என்ன கேட்பார்கள், என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லிக்கொண்டே பின்னால் நடந்தேன். பேசுகிற மும்முரத்தில் நானும் ஒன்றைக் கவனிக்கவில்லை.

"நில்லு! எந்தத் தோட்டத்து ஆளு நீங்க?" மேலே ஒரு கங்காணி, தொப்பியும் தடியுமாக. "கொழுந்து களவா?"

"யாரப் பாத்துக் களவுங்குற?" அத்தைக்குக் குரல் ஏறிவிட்டது. "முப்பது வருசமாக் கொழுந்தெடுக்குறேன். ஒரு எலை வீட்டுக்குக் கொண்டு போனவ இல்ல. பாத்துக்க கூடைய!"

தோளோரம் சரிந்து இடம் விட்டிருந்த கம்பளியை விலக்கினால் கூடையில் கால்வாசிக்குப் பச்சைக் கொழுந்து.

அத்தை கூடையைப் பார்த்தார். பிறகு தன் இரண்டு கையையும் பார்த்தார். "அடி ஆத்தி. இந்தக் கை பண்ணுன வேலையப் பாரு புள்ள."

"கை பண்ணுச்சாம்ல. அப்ப கைய மட்டும் ஆபீசுக்கு அனுப்பிட்டு நீ போறியா?" என்று கங்காணி கூடையைப் பிடுங்கிக் கவிழ்த்தார். கொழுந்து கொட்டியது. அதன்மேல் விழுந்த தாள் பொட்டலம் சறுக்கிக்கொண்டு போய்ப் பக்கத்துக் கானில் விழுந்தது. மழைத் தண்ணீர் அந்தக் கான் வழியாக ஆற்றுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

நான் எப்படி ஓடினேன் என்று சொல்ல வராது. கான் ஆற்றில் விழும் முனைக்குச் சற்று முன்னால், ஒரு பெரணி வேரில் பொட்டலம் தடுத்து நின்றது. பத்திரிகைத் தாள் கூழாகியிருந்தது. கடிதத்தில் ஒரு மூலை மட்டும் நனைந்திருந்தது. ஆண்டு தெளிவாக இருந்தது. கையெழுத்து இருந்தது. அத்தை அந்த ஈரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என்னம்மா அது?" கங்காணியின் குரல் மாறியிருந்தது.

எனக்கு இங்கிலீஷ் அரைகுறை. ஆனால் அந்தக் கடிதம் மனப்பாடம். தமிழில் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். தரையில் கிடந்த கொழுந்தைத் தடியால் கிளறினார்.

"ரெண்டு எலையும் மொட்டுமா, ஒரு முத்தல் இல்ல. நெனவில்லாம கிள்ளியே இப்படியா? எங்க ஆளுக நெனவோட எடுத்தாக்கூட இப்படி வராது." பிறகு மெதுவாக, "எனக்கும் மனு போட்டிருக்கு தங்கச்சி. காட்டத்தான் ஒரு துண்டுக் காயிதம் இல்ல. எங்க ஆபீசுல எழுதிக் கேட்டா குடுப்பாங்களா?"

இந்தக் குறிப்பேட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தேன். அவர் தொப்பியைக் குடையாகப் பிடிக்க, கவிழ்ந்த கூடையின் மேல் வைத்து, அவர் தோட்டத்து ஆபீசுக்கு ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். அவர் அதை மடித்துத் தொப்பிக்குள் வைத்துக்கொண்டு ரோடு வரை எங்களைக் கொண்டுவந்து விட்டார்.

விசாரணையில் அதிகாரி கடிதத்தை விரித்தபோது அதில் ஒரு கொழுந்து ஒட்டியிருந்தது. அதை எடுத்து மேசை ஓரத்தில் வைத்துவிட்டு வாசித்தார். இரண்டு கேள்வி கேட்டார். தலையாட்டினார். வெளியே வந்து தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்த பிறகுதான் அத்தை பெருமூச்சு விட்டார். திரும்பும்போது, அந்தத் தோட்டத்து எல்லை வந்ததும் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டார்.

"எதுக்கு அத்தை?"

"கட்டிப் போட்டிருக்கேன். நீ முன்னால நட."

மறு வருடம் அத்தைக்குப் பிரஜாவுரிமைப் பதிவுப் பத்திரம் வந்தது. அன்று லயத்தில் எங்கள் வீட்டில் பாயாசம். தேங்காய் துருவியது அதே கைகள்.

அறுபதுகளின் நடுவில் காசல்ரீ அணை நிரம்பியபோது அந்தப் பள்ளம் தண்ணீருக்குள் போயிற்று. பெரணியும் ஏலமும் ஆடுகிற ஐந்தாவது கல்லும் அடியில் இருக்கின்றன. கங்காணி இருந்த லயத்து ஆட்கள் வேறு வேறு தோட்டங்களுக்குப் போனார்கள். பிரஜாவுரிமை கிடைக்காத சிலர் கப்பலேறி இந்தியா போனார்கள். குறிப்பேட்டில் கிழித்த தாளின் ஓரம் இன்னும் தையலோடு நிற்கிறது. அந்தக் கங்காணியை அறிந்த மூன்று பேரிடம் விசாரித்தேன். மூவரும் மூன்று விதமாகச் சொன்னார்கள். அவர் விண்ணப்பத்துக்குப் பதில் வந்ததா என்பதை என்னால் இன்றுவரை உறுதிசெய்ய முடியவில்லை.