ஒரு கணினிக்கு ஓர் ஆட்சேபம்

அந்தக் கிளை நூலகத்தின் நூலகரை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. கடுகக்கா என்றால்தான் தெரியும். ஆள் குள்ளம்; சூடு பட்டால் படபடவென்று வெடிப்பாள். எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டுகிறவர்கள் அவளிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாத நாளே கிடையாது. வாங்கிக் கட்டிக்கொண்டவர்களே மறுநாளும் முதல் ஆளாக வந்து நிற்பார்கள்.

அவளுக்கு அறவே ஆகாத பேச்சு ஒன்று உண்டு. "அதான் எல்லாம் போன்லயே இருக்கே!" பஸ் ஓட்டும் கணவர் தெரியாத்தனமாக இதைச் சொன்னால், அன்று சாப்பாட்டுத் தட்டு அவர் முன்னால் 'டங்'கென்று விழும். இருக்கிறதாம்! யாருடைய போனில்? பக்கத்துத் தெருத் தையல்காரம்மாவின் போனில் பேசலாம், கேட்கலாம், அவ்வளவுதான். வருஷா வருஷம் 'நான் உயிரோடு இருக்கிறேன்' என்று இணையத்தில் சொல்லாவிட்டால், அந்த அம்மாவின் விதவைப் பென்ஷன் நின்றுவிடும். அதைச் சொல்ல அவர் வருகிற இடம் நூலகம். அங்கே மூலையில் இருக்கும் ஒரே கணினி. வேலைக்கு மனுப் போடுகிறவர்களுக்கும், ஆஸ்பத்திரியில் டாக்டரைப் பார்க்க நேரம் வாங்குகிறவர்களுக்கும் அதுதான் கதி. புத்தகம் எடுக்க வருகிறவர்களைவிட இந்தக் கூட்டம் பெரிது. கடுகக்கா திட்டிக்கொண்டே தட்டித் தருவாள். "ஓடிபி வந்துச்சா? வந்ததைச் சொல்லாம என் மூஞ்சியை ஏன் பாக்கறீங்க?"

இப்படி இருக்கும்போதுதான் தலைமை அலுவலகத்திலிருந்து அறிவிப்பு வந்தது. கிளையை மூடிவிட்டு, பதிலுக்கு ஒரு செயலி தரப்போகிறார்களாம். ஆட்சேபம் இருந்தால் தெரிவிக்கலாமாம், இணையத்தில் மட்டும்.

"மூடாதேன்னு சொல்றதுக்கும் அவங்க சொன்ன வழியிலதான் போகணுமா?" என்று கத்தினாள். கத்திவிட்டுச் சும்மா இருக்கவில்லை. வீடு வீடாகச் சொல்லி அனுப்பினாள். வரிசை வாசற்படியைத் தாண்டி நின்றது. ராத்திரி முழுக்கக் காவல் காத்த வாட்ச்மேன் தூக்கத்தை விட்டுவிட்டு வந்தார். ஒவ்வொருவர் சொன்னதையும் அவரவர் வார்த்தையிலேயே தட்டினாள். தையல்காரம்மா மட்டும், தன்னுடையது போய்ச் சேர்ந்துவிட்டதா என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டு கிளம்பினார்.

முடிவைத் தெரிந்துகொள்ள அலுவலகத்துக்கு நேரிலேயே போனாள். அதிகாரி திரையைப் பார்த்தபடி சொன்னார்: "உங்க கிளைக்கு ஒரே ஒரு ஆட்சேபம்தான் வந்திருக்கும்மா."

"என்னது?"

"எல்லாமே ஒரே கணினியிலேருந்து வந்திருக்கு. கள்ள மனு வந்துடக் கூடாதுன்னு ஒரு கணினிக்கு ஒண்ணுதான் எடுத்துக்கும்."

அவளுக்கு ரத்தம் தலைக்கேறியது. "எங்ககிட்ட இருக்கறதே ஒண்ணுதான் சார்! அதையும் பிடுங்கிடாதீங்கன்னு சொல்லத்தானே அத்தனை பேரும் வந்து நின்னாங்க!"

அவருக்கும் சங்கடம்தான் போல. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மேல்முறையீடு பண்ணலாம்மா. அதுவும் ஆன்லைன்லதான்."

திரும்பும் பஸ்ஸில் வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு, மேல்முறையீட்டில் எழுத வசவுகளைக் கோத்துக்கொண்டே வந்தாள். என்ன ஆயிற்றோ என்று நூலகத்தில் காத்திருந்த தையல்காரம்மாவிடம் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கிப்போனது.

"நாங்க எல்லாரும் ஒரே இடத்துக்கு வந்ததுதான் தப்பாப் போச்சா? வீட்டோட கெடந்திருக்கணுமோ?"

அதிகாரி சொன்னதைவிட இதுதான் கடுகக்காவைச் சுட்டது. விதி போட்டவர்களுக்கு உறுத்தவில்லை. கால் கடுக்க நின்றவருக்கு உறுத்துகிறது. பாவிகள், நன்றாக இருப்பார்களா!

"நீங்க ஒரு தப்பும் பண்ணல," என்றாள். மேல்முறையீட்டுப் பக்கத்தைத் திறந்தாள். இதிலும் இந்தக் கணினியிலிருந்து ஒன்றுதான் போகும். யாரையும் சாவிப்பலகையைத் தொட விடாதவள், நாற்காலியைத் தையல்காரம்மா பக்கம் இழுத்துப் போட்டாள். "உக்காருங்க. உங்க பேர்லயே போகட்டும். நீங்களே அடிங்க."

"எனக்கெங்க வரும்?"

"வரும். எனக்கு ஒண்ணும் அவசரமில்ல."

துணி தைத்துத் தழும்பேறிய விரல், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அழுத்தியது. திரையில் ஒரே ஒரு வரி வந்தது: 'நாங்க ஒரு ஆள் இல்ல.'

பஸ்ஸில் கோத்து வைத்திருந்த அத்தனை வசவும் கடுகக்காவுக்கு மறந்துபோயிற்று. ஒரு எழுத்தைக்கூட அவள் திருத்தவில்லை.

"அனுப்பவா?" என்று கேட்டார் தையல்காரம்மா.

"அனுப்புங்க," என்றாள்.