கொக்கு சொன்னால்தான் தாழ்ப்பாள்

ஒற்றைவிரல் என்ற பெயரை வைத்தது நாங்கள்தான். முதுகு போய், நோயாளிகளைத் தூக்க முடியாமல் ஆனதும் அவளை ஆபீஸ் மேசையில் உட்கார வைத்தார்கள். ஒரே விரலால் தட்டித் தட்டி நூற்றெண்பது வீடுகளுக்கு மெசேஜ் அனுப்புவாள். வீடு தேடிப் போய் ஊசி போடுவது, புண் கட்டுவது, குளிப்பாட்டுவது எங்கள் வேலை. நானும் முப்பது வருடம் அதைச் செய்துவிட்டு அவளுக்கு எதிர் நாற்காலிக்கு வந்தவள்.

நர்ஸ் என்று சொல்லி நுழைந்த ஒருத்தன், தனியாக இருந்த ஒரு கிழவியின் வீட்டைத் துடைத்துக்கொண்டு போனான். அதன் பிறகு ஒற்றைவிரல் ஒரு சட்டம் போட்டாள். ஆள் வருமுன் ‘கொக்கு’ என்ற பெயரில் மெசேஜ் வரும். வராவிட்டால் தாழ்ப்பாளைத் தொடக்கூடாது. வெள்ளைச் சீருடையோடு வாசலில் ஒற்றைக்காலில் நின்று ஷூ கழற்றும் எங்களுக்கு நோயாளிகள் வைத்திருந்த பட்டம் அது. “நானே வந்து நின்னாலும் திறக்காதீங்க” என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள்.

பிறகு நாடு முழுவதற்கும் ஒரு விதி வந்தது. மெசேஜ் அனுப்பும் பெயரை நிறுவனங்கள் பதிவு செய்ய வேண்டும். பதியாத பெயரில் போவது ஒன்றாம் தேதி முதல் வழியிலேயே நின்றுவிடும். மோசடிக்காரர்களைத் தடுக்கத்தான், நல்ல விதி. ஆனால் எங்கள் விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டது. நிறுவனச் சான்றிதழில் இருந்தது முதலாளியம்மாவின் தாயார் பெயர். அதற்கும் கொக்குக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டிருந்தார்கள்.

“அம்மா பேர்லயே அனுப்பு. ரெண்டு நாள்ல பழகிடுவாங்க” என்றாள் முதலாளியம்மா.

“அதுவரைக்கும் வியாதி காத்திருக்குமா?” என்றாள் ஒற்றைவிரல்.

“கொக்குன்னு வெளிய சொல்லவே கூச்சமா இருக்குடி.”

மறுநாள் புதுப் பெயரில் அனுப்பிப் பார்த்தோம். காலை எட்டு மணிக்குள் நான்கு நர்சுகள் தெருவில் நின்றார்கள். அதில் ஒரு வீட்டில், முன்னாள் எஞ்சின் டிரைவர் ஒருவருக்கு இன்சுலின் போட்டாக வேண்டும். ஒற்றைவிரலும் முதலாளியம்மாவும் காரில் ஓடினார்கள். மனுஷன் ஜன்னலுக்குள்ளிருந்தே பேசினார்.

“ஐயா, நான்தான்! திறங்க!”

“தெரியுது தாயி. நீயே வந்தாலும் திறக்கக்கூடாதுன்னு நீதானே சொன்ன?”

“நான் இந்தக் கம்பெனி முதலாளி!” என்றாள் முதலாளியம்மா.

“அந்தத் திருடன்கூட வெள்ளைச் சட்டைதான் போட்டிருந்தானாம். போம்மா.”

ஒற்றைவிரல் எனக்குப் போன் செய்தாள். பழைய பெயரில் நான் அனுப்பினேன். உள்ளே போன் சிணுங்கியதாம், தாழ்ப்பாள் மூன்றும் விலகியதாம்.

திரும்பி வந்ததும் நிறுவனப் பெயரை மாற்றும் படிவத்தை ஒற்றைவிரல் மேசையில் வைத்தாள். “பேரும் சான்றிதழும் ஒத்துப்போகணும், அவ்வளவுதானே? சான்றிதழை மாத்துவோம்.”

“எங்கம்மா பேரை எடுத்துட்டுக் கொக்கா? உனக்கு வேலை வேணுமா, வேண்டாமா?”

“வேணும். அதனாலதான் கேக்குறேன். உங்கம்மாவுக்கு மூணு வருஷம் பீ மூத்திரம் அள்ளினவ நான். போர்டுல தன் பேர் இருக்கணும்னு அவங்க ஒரு நாளும் கேட்டதில்ல. நர்ஸ் ஏன் இன்னும் வரலன்னுதான் கேப்பாங்க.”

முதலாளியம்மா அவளை முறைத்தாள். பிறகு வெடுக்கென்று பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

பதிவு அலுவலகத்துக்கு நானும் போனேன். கவுன்டர்காரர் மூக்குக் கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். “கொக்கு இல்லச் செவிலியர் சேவையா? யோசிச்சுத்தான் வச்சீங்களா?”

“பறவைப் பேரு கூடாதுன்னு விதியில எங்க இருக்கு? காட்டுங்க.”

அவர் காட்டவில்லை. ஒற்றைவிரலும் நகரவில்லை, முதுகு வலிக்கு ஒரு கையைக் கவுன்டரில் ஊன்றிக்கொண்டு நின்றாள். பின்னால் வரிசை முணுமுணுத்தது. முத்திரை விழுந்தது.

புதுச் சான்றிதழோடு மெசேஜ் பெயருக்கு மறுபடி விண்ணப்பித்தாள். முப்பதாம் தேதி சாயங்காலம் அனுமதி வந்தது. ஒன்றாம் தேதி காலை அதே விரலால் தட்டினாள். பத்து நிமிடத்தில் எஞ்சின் டிரைவர் வீட்டுக்குள்ளிருந்து நர்ஸ் போனில் கூப்பிட்டாள்.

“அக்கா, ஊசி போட்டாச்சு. கொக்கு இன்னைக்கு நாலு நிமிஷம் லேட்டாம், ஐயா திட்டுறாரு.”

“திட்டட்டும்” என்று ஒற்றைவிரல் அடுத்த வீட்டுக்குத் தட்ட ஆரம்பித்தாள்.