எண்ணெய் மூடியில் வைத்த பொட்டு

நான் அதிகம் பேசாதவள். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. ஆனாலும் இந்தக் கோபத்தை எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் வீட்டுக்காரர் பந்திங் தோட்டத்திலிருந்து கிள்ளானுக்குப் பிக்கப்பில் வாழையிலை ஏற்றி வருகிறார். பூஜைக்கு முந்தின வாரம் வண்டி வெள்ளத்தில் இறங்கியதால், சக்கரத்தைச் சுழற்றும் மூன்று பல்சக்கரப் பெட்டிகளான இரண்டு டிஃபரன்ஷியலிலும் டிரான்ஸ்பர் கேஸிலும் தண்ணீர் போயிருக்கும், எண்ணெய் மாற்றாவிட்டால் ஓடும்போதே சக்கரம் இறுகிவிடும் என்றார். ஆயுத பூஜைக்கு மறுநாள் வொர்க்ஷாப்பில் விட்டோம்.

மாலையில் இருவரும் போனால் வண்டியை மேலே தூக்கி நிறுத்தியிருந்தார்கள். "எல்லா எண்ணெயும் மாத்தியாச்சு, அங்கிள்" என்றார் மெக்கானிக். நான் அண்ணாந்து பார்த்தேன். பூஜையன்று வண்டிக்கு அடியில் நுழைந்து, அந்தப் பெட்டிகளின் எண்ணெய் மூடிகள் மேல் நான் வைத்த மூன்று சந்தனப் பொட்டும் அப்படியே இருந்தன.

"மூடியைத் திறக்காம எப்படி தம்பி மாத்தினீங்க?"

"ஆன்டிக்கு வண்டியைப் பத்தி என்ன தெரியும்? போய் உட்காருங்க லா."

"வண்டி தெரியாது. நான் வெச்ச பொட்டு எனக்குத் தெரியும்!" நான் போட்ட சத்தத்தில் என் வீட்டுக்காரரே மிரண்டுவிட்டார்.

மெக்கானிக் மூடியைத் திறந்தார். கடையில் ஆற்றித் தரும் தே தாரிக் பால்தேநீர் நிறத்தில் எண்ணெயும் தண்ணீரும் கொட்டின. இதோடுதான் இவரை நெடுஞ்சாலைக்கு அனுப்பப் பார்த்தார்கள், பாவிகள்!

இப்போது வண்டியை எந்த வொர்க்ஷாப்பில் விட்டாலும், முதலில் மூன்று மூடிக்கும் பொட்டு வைத்துவிடுகிறேன். சாமிக்காக இல்லை.