பட்டம் கட்ட வராத மாமா

என் மாமாவுக்கு, அதாவது அம்மாவின் ஒரே தம்பிக்கு, பாட்டுக் கட்டுகிற வியாதி இருந்தது. வியாதி என்று சொன்னது நான் இல்லை, அப்பா. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவர் மாமா. வெள்ளிமலைக்குப் போய்ப் புளியும் சாமையும் வாங்கி வந்து கள்ளக்குறிச்சியில் விற்பது பிழைப்பு. மூட்டைகளோடு ஜீப்பில் இறங்கும்போதே புதுப் பாட்டு ஒன்றும் இறங்கிவிடும். வராத பஸ்ஸுக்கு ஒரு பாட்டு, சரிந்துபோன புளி விலைக்கு ஒரு பாட்டு, எங்கள் மாடு அண்டாவைக் கவிழ்த்ததற்குக்கூட ஒரு பாட்டு. இரண்டாவது அடி முடிவதற்குள், "போதும்டா, கொழம்பு தீயுது" என்று அம்மா எழுந்து போய்விடுவாள். அப்பா பேப்பரை விரித்து முகத்தை மறைத்துக்கொள்வார். மாமா கோபித்துக்கொள்ளவே மாட்டார். மிச்சத்தை மாட்டிடம் போய்ப் பாடுவார்.

ஆவணியின் கடைசி முகூர்த்தத்தில் அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அதை விட்டால் ஐப்பசிதான். மாப்பிள்ளை வீடு சின்னசேலம். எங்கள் பக்கம் தாய்மாமன் நெற்றியில் பட்டம் கட்டிவிட்டால்தான் பெண் மணவறையில் உட்காருவாள். அக்காவுக்கு மாமா என்றால் உயிர். "பட்டம் கட்டுற நேரத்துல மட்டும் பாட்டு கீட்டு பாடிடாத மாமா" என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தாள்.

இட ஒதுக்கீடு கேட்டு ஜனங்கள் சாலையில் உட்கார்ந்த காலம் அது. எந்த ரோடு எப்போது அடைபடும் என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம். கல்யாணத்துக்கு முதல்நாள் மத்தியானம் பெண்ணை அழைத்துக்கொண்டு போன எங்கள் வேன், கச்சிராயபாளையம் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே நின்றுவிட்டது. ரோட்டின் குறுக்கே ஒரு வேலமரத்தை வெட்டிப் போட்டு, அதன்மேல் ஒரு கூட்டம் உட்கார்ந்திருந்தது. அப்பா இறங்கிக் கும்பிட்டார்.

"கல்யாண வண்டிங்க. கொஞ்சம் வழி வுடுங்க."

"எங்க புள்ளைங்க படிச்சிட்டு வேலையில்லாம சுத்திக்கினு கீறானுங்க. உங்களுக்கு ஒரு நாளு லேட்டானா இன்னாங்க?" என்றார் தலைப்பாகை கட்டிய பெரியவர் ஒருவர்.

அவர் கேட்டதிலும் நியாயம் இருந்தது. அதற்காக முகூர்த்தம் காத்திருக்குமா? அக்கா ஜரிகைப் புடவையில் வேர்த்து வழிந்து அழ ஆரம்பித்திருந்தாள். மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வார்களோ என்று அம்மா புலம்பத் தொடங்கினாள்.

அப்போது மாமா இறங்கினார். "பாடப் போறான், மானம் போச்சு" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மாமா நேரே போய் மரத்தின்மேல் அவர்களோடு உட்கார்ந்து, தொடையில் தாளம் போட்டார்.

"பந்தி போட்ட வூட்டுல
பசிச்சி நிக்கிறேன் வாசல்ல
எல ஒண்ணு கேட்டதுக்கு
எடமில்லன்னு சொல்றியே"

காலையிலிருந்து கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன கூட்டம் கப்சிப்பென்று அடங்கியது. பெரியவர் தலைப்பாகையை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாட்டு முடிந்ததும், "பொண்ணு வண்டி போவட்டும்" என்றார். பத்துப் பேர் மரத்தைப் பிடித்து ஓரமாக இழுத்தார்கள். வேன் நகர்ந்தது. மாமா மட்டும் ஏறவில்லை. "நீங்க போய்க்கினே இருங்க, பின்னாலயே வந்துர்றேன்" என்று கையை ஆட்டினார்.

"ஆளப் பிணையா புடிச்சி வச்சுக்கினானுங்க" என்று அப்பா தீர்ப்புச் சொல்லிவிட்டார். சின்னசேலம் போய்ச் சேரும்வரை அம்மா ஒப்பாரி வைக்காத குறைதான்.

மாமா வரவில்லை. முகூர்த்தம் நெருங்க நெருங்க அக்கா வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் தூரத்து மாமா ஒருவர் பட்டம் கட்டினார், அதையும் கோணலாகக் கட்டினார். கல்யாண போட்டோ அத்தனையிலும் அக்கா மூக்குச் சிவந்துதான் இருப்பாள். பந்தியில் யாரோ, "அந்த ரோடு நேத்து சாயந்தரமே தொறந்துட்டாங்களே" என்றதும் அம்மாவின் பயம் முழுக்கக் கோபமாக மாறியது. எனக்கும் மாமாவை நினைத்தாலே பற்றிக்கொண்டு வந்தது.

நாலு நாள் கழித்து அழுக்கு வேட்டியோடு வந்து நின்றார். தொண்டை போய்விட்டிருந்தது. அம்மா பிடித்துக்கொண்டாள். "நீயெல்லாம் ஒரு தாய்மாமனாடா? புள்ள கண்ணு பூத்துப் போச்சு. அப்பிடி இன்னா பண்ணிக்கினு இருந்த? கட்டியா போட்டு வச்சிருந்தானுங்க?"

"தப்புதான்க்கா. யாரும் கட்டிப் போடல" என்றார் மாமா, காற்றாக வந்த குரலில். "பாடி முடிக்கிற வரைக்கும் ஒருத்தரும் எழுந்து போவல. மறுக்கா பாடுன்னாங்க. பக்கத்து ஊருக்கும் இட்டுக்கினு போயி, அங்கயும் மறுக்கா பாடச் சொன்னாங்க."

அம்மா அடுத்து வைத்திருந்த வசவு வாயிலேயே நின்றுபோனது. உள்ளே போய்த் தட்டில் சோற்றைப் போட்டு எடுத்து வந்து வைத்தாள்.

நாலு நாளாக ஓயாமல் திட்டிக்கொண்டிருந்தவள் இவ்வளவு சுலபத்தில் விட்டுவிட்டாளே என்று எனக்கு ஆத்திரமான ஆத்திரம். பாட்டை மறுபடி பாடச் சொன்னார்களாம், அதெல்லாம் ஒரு காரணமா? நாளைக்கு யார் வேண்டுமானாலும் அவரை மறுபடி பாடச் சொல்வார்களே என்றுதான் அன்றைக்கு நான் நினைத்தேன்.